ஆடி மாதம், காலி மண்டபம்

டெக்னோ என்ற வார்த்தையைப் பார்த்ததும் 'இது நமக்கில்லை' என்று அடுத்த பக்கத்து ஜோக்குக்குத் தாவ நினைக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். இது ராத்திரி ஆட்டம் பற்றிய விஷயம்தான். ஆனால் இதில் சாராயம் கிடையாது. கல்யாண மண்டபம் உண்டு, ஹிந்தோளம் உண்டு, நன்னாரி சர்பத் உண்டு. கடைசியில் ஒரு கான்ஸ்டபிள்கூட வருகிறார்.

முப்பது வருஷத்துக்கு மேலாக ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஹௌஸ், டெக்னோ என்கிற சங்கீதத்தை விடாமல் கேட்டுவருகிறேன். ஆபீஸில் இதைச் சொன்னால், "ஹௌஸா? எந்த பேங்க்கில் ஸார் லோன்?" என்கிறார்கள். திருச்சியில் கிளப் என்றால் சீட்டாடும் இடம். டி.ஜே. என்றால் ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை மேடையேற்றி ஆடவைப்பவர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஷிகாகோவைப் பின்தொடர்வது, கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து கொண்டு கப்பல் வேடிக்கை பார்ப்பது மாதிரி.

ஆரம்பித்தது ஒரு கேஸட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா பிள்ளை லீவில் வரும்போது கோடாலித் தைலம், டார்ச் லைட் வகையறாக்களோடு கொண்டுவந்தான். மேலே பெயர் எதுவும் எழுதாத 90 நிமிஷ கேஸட். 1991-ல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பழைய கோடவுன்களை இடித்துத் தள்ளாமல் 'ஸூக்' என்று ஒரு டான்ஸ் கிளப் திறந்திருந்தார்கள். அங்கே போய்வரும் சக ஊழியன் ஒருவன் பதிவு செய்து கொடுத்ததாம். இவன் அங்கே போனதில்லை. கட்டுப்படியாகாது.

கேஸட்டைப் போட்டேன். தும், தும், தும், தும். பத்து நிமிஷம் கழித்தும் தும், தும், தும், தும். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சுத்திண்டே இருக்கே, பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்றாள். டெக்னோவை இவ்வளவு சுருக்கமாக இன்றுவரை யாரும் விமர்சித்ததில்லை.

*

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஹௌஸ் என்பது நிமிஷத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி. எல்லா அடியும் சமம். நம்முடைய குத்துப் பாட்டு திஸ்ர நடையில் இடுப்பை இழுக்கும். இது சதுஸ்ரம். நேரே நெஞ்சில் தட்டும். டெக்னோ இதற்குத் தம்பி முறை. கொஞ்சம் வேகம், கொஞ்சம் முறைப்பு, வார்த்தைகள் அநேகமாக இல்லை. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகும். இவர்கள் தனி ஆவர்த்தனத்துக்காகவே வருகிறார்கள். ஆறு மணி நேரம் நிற்கிறார்கள்.

இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். பிறந்த கதை வேறு. 1977-ல் ஷிகாகோவில் 'வேர்ஹௌஸ்' என்று ஒரு இடம் திறந்தார்கள். ஃபிராங்கி நக்கிள்ஸ் என்கிற இளைஞர் நியூயார்க்கிலிருந்து வந்து அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். வேறு எந்தக் கிளப்பின் வாசலிலும் 'வாங்க' என்று சொல்லப்படாதவர்கள். வேர்ஹௌஸில் கேட்ட பாட்டு என்பதுதான் சுருங்கி 'ஹௌஸ்' ஆயிற்று.

1979 ஜூலை 12 அன்று அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு ரேடியோ அறிவிப்பாளர் பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து புல்தரையை நாசம் செய்ததில், அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ செத்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். சாகவில்லை. வேர்ஹௌஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேறு உடம்பெடுத்தது. அந்தக் கட்டடத்தை 2023-ல் ஷிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. தும், தும் என்று சுவர் அதிர்ந்த கட்டடத்துக்கு இப்போது சர்க்கார் பாதுகாப்பு.

டெட்ராய்ட் இன்னும் பரிதாபம். கார் செய்யும் ஊர். 1950-ல் ஜனத்தொகை பதினெட்டரை லட்சம். 1990-ல் பத்து லட்சத்துச் சொச்சம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த வட்டாரத்தில் பெல்வில் என்ற சிற்றூரில் ஒரே ஸ்கூலில் படித்த மூன்று பையன்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், சல்லிசான மின் யந்திரங்களை வைத்து, ஆலை போனபின் மிச்சமிருந்த சத்தத்தை இசையாக்கினார்கள். 1988-ல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்புத் தட்டு அதற்கு 'டெக்னோ' என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்தது.

இப்போது கவனியுங்கள். ஷிகாகோவின் வேர்ஹௌஸில் மது கிடையாது. ஜூஸும் தண்ணீரும்தான். நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை நடந்த 'பாரடைஸ் கராஜ்', மது விற்காத இடம். டெட்ராய்ட்டில் 1988-ல் ஆரம்பித்த 'மியூஸிக் இன்ஸ்டிட்யூட்' அதே வகை. விடிய விடிய ஆடிவிட்டு ஜூஸ் குடித்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டாக்கிய சங்கீதம் இது. நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆட்டம் என்றால் பாட்டில் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

*

அரசாங்கங்களுக்கு இந்த இசையைப் பார்த்து என்ன செய்வதென்று புரிந்ததே இல்லை. 1994-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. வெட்டவெளியில் ராத்திரியில் நூறு பேருக்கு மேல் கூடிப் பெரும் சத்தத்தோடு ஆடினால் போலீஸ் கலைக்கலாம். எந்த இசைக்கு? சட்டத்திலேயே விளக்கம் கொடுத்தார்கள்: ஒரே மாதிரி அடி தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் ஒலியும் அதில் சேர்த்தி. அந்தச் சட்டம் இங்கே அமலில் இருந்தால் நம் ஊர்த் திருவிழாவில் பாதித் தவில் வித்வான்கள் முன்ஜாமீன் வாங்கவேண்டியிருக்கும்.

ஜெர்மன்காரர்கள் வேறு மாதிரி. 1989-ல் பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் காலியாகக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் ஸ்பீக்கரோடு புகுந்தார்கள். 1991-ல் ஒரு பழைய டிபார்ட்மெண்ட் ஸ்டோரின் நிலவறைப் பெட்டகத்தில் 'ட்ரெஸர்' கிளப் திறந்தது. 2016-ல் 'பெர்க்ஹைன்' என்கிற பிரசித்தமான டெக்னோ கிளப்பின் வரி வழக்கில், அங்கே நடப்பது கேளிக்கையா, கச்சேரியா என்று கோர்ட் ஆராய்ந்து, கச்சேரிதான் என்று தீர்ப்பளித்தது. வரி 19 சதவீதத்திலிருந்து 7. ஜி.எஸ்.டி. ஃபைல் பார்க்கிற நண்பர்களுக்கு இதைவிட நெகிழ்ச்சியான கதை நான் சொல்ல முடியாது. 2024-ல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் கலாசார மரபுகளின் தேசியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

*

இனி நம் ஆள் கதை.

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-களின் துவக்கத்தில் 'டி.பி.303' என்று ஒரு வெள்ளி நிறப் பெட்டி போட்டது. துணைக்கு ஆள் இல்லாத கிடார்காரர்கள் வீட்டில் தனியாகப் பழகும்போது பின்னால் பேஸ் கிடார் வாசித்துக் காட்டும் யந்திரம். சத்தம் பேஸ் கிடார் மாதிரி இல்லை, வயிற்றுவலிக்காரர் முனகுவது மாதிரி இருந்தது. விற்கவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த ஒன்றை ஷிகாகோவில் டி.ஜே. பியரும் நண்பர்களும் வாங்கி, திருகக்கூடிய திருகாணிகளையெல்லாம் திருகினார்கள். முனகல் ஊளையாயிற்று. ஊளை பாட்டாயிற்று. 1987-ல் 'ஆஸிட் ட்ராக்ஸ்' வெளியானது. 'ஆஸிட் ஹௌஸ்' என்ற பிரிவே அதிலிருந்து பிறந்தது என்று சரித்திரம் எழுதினார்கள்.

ஐந்து வருஷம் முன்னால், 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் அதே டி.பி.303-ஐ, அதே கம்பெனியின் 808 தாள யந்திரத்தோடும் ஜூபிடர் 8 சிந்தஸைஸரோடும் சேர்த்து, பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டே போட்டிருந்தார். ஹிந்திப் படங்களுக்கு கிடாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். ஷிகாகோ எந்தத் திசை என்று கேட்டால் மேலே பார்த்திருப்பார். எச்.எம்.வி. வெளியிட்டது. போணியாகவில்லை.

அந்தத் தட்டு தில்லியில் ஒரு டச்சுக்காரர் கண்ணில் பட்டு, 2010-ல் ஹாலந்தில் மறுபதிப்பானது. கேட்டவர்கள் திகைத்தார்கள். வருஷத்தை யாரோ மாற்றி அச்சடித்து ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதுக்கு மேல் அந்த மனிதரை ஐரோப்பாவுக்கு அழைத்து மேடையேற்றினார்கள். பேரன் பேத்தி வயசில் ஆயிரம் பேர் முன்னால் ராகம் வாசித்தார். 2015-ல் காலமானார்.

மறுபதிப்பு வந்த புதிதில் என் வீட்டில் அதைப் போட்டேன். எதிர்வீட்டு மாமா, வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் உத்தியோகம், சாயங்காலங்களில் மிருதங்கம், ஹிந்து பேப்பர் கேட்டு வந்தவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தட்டில் பூபாளி என்று போட்டிருந்ததற்கு "மோகனம்" என்றார். யமன் வந்தபோது "கல்யாணி, சந்தேகமில்லை." பைராகிக்கு "ரேவதி." மால்கௌன்ஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, "அடேய், ஹிந்தோளத்தை மெஷினுக்கு எவன்டா சொல்லிக் கொடுத்தான்? கேளு, ஜாரு விழறது பார்!" என்றார்.

மாமா சொன்னதில் ஒரு டெக்னிக்கல் உண்மை இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் முடியும். வழுக்கி வர முடியாது. அதனால்தான் வித்வான்களுக்குக் கீபோர்டு என்றால் ஆகாது. 303-ல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி. ஒரு ஸ்வரம் அடுத்ததற்குள் சறுக்கிப் போகும். ஜப்பான்காரர் கிடாருக்காக வைத்ததை, ஷிகாகோக்காரர் ஊளைக்காகத் திருகியதை, சரண்ஜித் சிங் ராகத்துக்காக உபயோகித்துக்கொண்டார்.

அப்புறம் ஏன் அது இங்கே பற்றிக்கொள்ளவில்லை? ஞானம் இருந்தது. யந்திரம் இருந்தது. தட்டு போட ஒரு பெரிய கம்பெனியே இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. ஒரு கூடம்.

டி.ஜே. பியர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'ஆஸிட் ட்ராக்ஸ்' ஒலிநாடாவை ஷிகாகோவின் 'மியூஸிக் பாக்ஸ்' கிளப்பில் ரான் ஹார்டி முதல்முறை போட்டபோது கூட்டம் ஆடும் இடத்தைவிட்டு விலகிப் போய்விட்டது. அதே ராத்திரி இரண்டாவது தடவை போட்டார். மூன்றாவது தடவை போட்டார். நாலாவது தடவை ஜனங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. பம்பாயில் சரண்ஜித் சிங்குக்கு அந்த இரண்டாவது தடவையே கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒரு முறை போட்டுக் காட்டியிருப்பார். "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டு, படப் பாட்டு வாங்கிப் போயிருப்பார்கள்.

இது முதல் தடவையுமில்லை. 1969-ல் அகமதாபாத் தேசிய டிசைன் கல்லூரியில் மூக் சிந்தஸைஸர் வந்து இறங்கி, ஐந்தாறு இந்தியர்கள் மூன்று வருஷம் அதில் அற்புதமெல்லாம் செய்தார்கள். அந்த நாடாக்கள் அலமாரிக்குப் போயின. 2017-ல் லண்டனிலிருந்து வந்தவர் ஒருவர் கண்டெடுத்து, 2023-ல்தான் தட்டாக வந்தது. நம்மிடம் எல்லாமே முதலில் நடக்கும். பிறகு பீரோவுக்குள் போகும்.

யந்திர இசை நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சினிமா வழியாக. 1986-ல் 'புன்னகை மன்ன'னில் இளையராஜா சீக்வென்ஸரை வைத்து வாசித்தபோதே நம் காது பழகிவிட்டது. ஆனால் சினிமாவில் ஹீரோ ஆடுவான். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம்.

*

தமிழ்நாட்டில் ஓர் இளைஞன் பொது இடத்தில் ஆட மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு. கோயில் திருவிழா. தலைவர் படம் முதல் நாள் முதல் காட்சி. சாவு ஊர்வலம். அதாவது சாவுக்கு ஆடலாம், சம்பள நாளுக்கு ஆட முடியாது. பெண்களுக்கு இந்த மூன்றும்கூட அநேகமாக இல்லை.

திருச்சியில் ஆறு மணிக்கு ஆபீஸ் விட்ட பையன் எங்கே போவான்? தமிழக அரசே சில்லறை மது விற்பனையை எடுத்துக்கொண்டது 2003-ல். மத்தியானம் 12 முதல் ராத்திரி 10 வரை அந்தக் கதவு திறந்திருக்கிறது. பத்துக்கு மேல் பரோட்டாக் கடை, பஸ் ஸ்டாண்டு டீ, சினிமாவில் இரண்டாவது ஆட்டம். ஊரில் இருக்கும் ஒரே ராத்திரி ஆட்டம் அதுதான். இராப்பத்து என்று பத்து ராத்திரிகளுக்கு உற்சவம் நடத்துகிற ஸ்ரீரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் தூங்காமல் நிற்கிறார்கள். யாரும் 'ஜோடியாக வந்தாயா?' என்று கேட்பதில்லை.

பெங்களூரில் கேட்கிறார்கள். நம்ம பையன்கள் நாலு பேர் மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, அடுத்த நாள் முழுக்க ஊர் சுற்றி, சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கிளப்புக்குப் போனார்கள். பெயர் வேண்டாம். வாசலில் நின்ற பயில்வான், "ஸ்டாக் என்ட்ரி இல்லை" என்றார். பெண் துணை இல்லாத ஆண்களுக்கு ஆங்கிலத்தில் கலைமான் என்று பெயராம். நாலு கலைமான்களும் மெஜஸ்டிக்கில் பிளாட்பாரத் தோசை தின்றுவிட்டுத் திரும்பின. எந்தக் கதவும் திறக்காதவர்கள் உண்டாக்கிய சங்கீதத்துக்கு வாசலில் ஒரு பயில்வான்!

அந்த நாலு பேரில் ஒருவனை எனக்குத் தெரியும். வயசு 24. பகலில் நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை. ராத்திரி தில்லைநகர் மாடி அறையில் லேப்டாப்பில் டெக்னோ செய்கிறான். அவன் செய்ததை என் போனில் கேட்டு அசந்துபோனேன். தவிலின் தொப்பியையும் வலந்தலையையும் தனித்தனியாகப் பதிவு செய்து, உடைத்து, அடுக்கி, உறுமி மாதிரி ஒரு இழுப்பை அடியில் ஓடவிட்டிருக்கிறான். ஒன்பதரை மணிக்கு வீட்டு ஓனர் கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். அதனால் எல்லாம் ஹெட்ஃபோனில்.

"ஸார், என் ட்ராக்கை நான் இதுவரைக்கும் நின்னு கேட்டதே இல்ல. காதுலதான் கேட்டிருக்கேன். உடம்புல கேட்டதில்ல" என்றான்.

இது கவிதை இல்லை, பௌதிகம். 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலை நீளம் சுமார் எட்டரை மீட்டர். ஹெட்ஃபோன் அதைக் காதுக்குச் சொல்லும். நெஞ்செலும்புக்குச் சொல்லாது. அதற்குப் பெரிய பெட்டியும் பெரிய அறையும் வேண்டும். சமைத்தவன் ருசி பார்க்காமல் வாசனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் சமைப்பான்? பெங்களூரில் வேலை கிடைக்கிறது, போய்விடுகிறேன் என்றான். இதுவரை போனவர்களைக் கணக்கெடுத்தால் மைசூர் எக்ஸ்பிரஸில் தனிப் பெட்டியே இணைக்கலாம்.

*

ஒலி மாசு விதிகள், 2000 என்று ஒன்று இருக்கிறது. ஆபீஸில் வேலை இல்லாத ஒரு மத்தியானம் படித்தேன். ராத்திரி பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்குள் விலக்கு உண்டு. நம் ஊரில் விருந்து மண்டபத்துக்கா பஞ்சம்? வருஷத்தில் இரண்டு மாதம், ஆடியும் மார்கழியும், முகூர்த்தமே கிடையாது. அத்தனை மண்டபமும் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தமிழன் மாதத்துக்கே ஆடி என்று பெயர் வைத்துவிட்டு ஆடாமல் இருக்கிறான்.

உறையூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தின் டைனிங் ஹால் கிடைத்தது. மானேஜர், "என்ன விசேஷம்? காதுகுத்தா?" என்றார். ஒரு வகையில் ஆமாம் என்றேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பத்து மணிக்குள் முடிப்பதாகவே வைத்துக்கொண்டோம். முதல் தடவையே சட்டத்தின் விளிம்பில் நடக்கவேண்டாமே.

சிக்கல் மைக் செட்டில் வந்தது. ஆடியில் மண்டபம் காலி. மைக் செட்காரர் காலி இல்லை. எல்லா மாரியம்மனுக்கும் கூழ். "வெள்ளி, ஞாயிறு மூச்! புதன்கிழமைன்னா பேஸ் பாக்ஸ் நாலு தரேன்" என்றார். எனவே உலகத்திலேயே புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்த டெக்னோ ராத்திரி இதுவாக இருக்கலாம்.

என்னையும் சேர்த்து 31 பேர். நாலு பெண்கள். அதில் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொடையில் சரியாகத் தாளம் போட்டார். முதல் அரை மணி யாரும் ஆடவில்லை. பரிமாறுவதற்கு இலை வருமா என்பது போலச் சுவரோரம் நின்றார்கள். பிறகு மைக் செட்காரரின் உதவிப் பையன், தெருத் திருவிழாக்களில் பழகிய கால், தாங்க முடியாமல் நடுவில் இறங்கினான். அவன் இறங்கியதும் எல்லாரும் இறங்கினார்கள்.

எட்டே முக்காலுக்கு கான்ஸ்டபிள் வந்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லை ஸார். டான்ஸ்."

"சரக்கு எங்க?"

சர்பத் அண்டாவைக் காட்டினோம். முகர்ந்தார். நன்னாரி. சந்தேகத்தோடு ஒரு கிளாஸ் குடித்தார். பந்தியறை, கை கழுவும் இடம், சமையற்கட்டு எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம் ஏமாற்றத்தோடு இன்னொரு கிளாஸ் குடித்தார். போகிற அவசரம் தெரியவில்லை. கையில் லத்தி மட்டும் சதுஸ்ரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு நம் பையன் தன் ட்ராக்கைப் போட்டான். ஆடவில்லை. பேஸ் பாக்ஸுக்கு எதிரே போய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான். தவில் முதலில் வந்தது. பிறகு அடியில் அந்த உறுமி. எவர்சில்வர் தம்ளர்கள் மேஜைமேல் தானாக நகர்ந்தன. முடிந்ததும் என்னிடம் வந்தான். அழுதிருப்பானோ என்று பார்த்தேன்.

"ஸார், அடி ரொம்பக் கனமாயிருக்கு, உறுமியை முழுங்குது. ஹெட்ஃபோன்ல தெரியவே இல்ல. வீட்டுக்குப் போய் மாத்தணும்" என்றான். அப்புறம் தயங்கி, "இன்னொரு தடவை போடட்டுமா?"

போடச் சொன்னேன். ஷிகாகோவில் நாலு தடவை போட்டார்கள். உறையூருக்கு இரண்டாவது தடவையாவது வேண்டாமா?

9.55-க்கு நிறுத்தினோம். கணக்கைப் பார்த்துவிடலாம். வரவு, தலைக்கு 200 வீதம் 6,200. செலவு: ஹால் 3,500, மைக் செட் 2,500, சர்பத் 620, வாட்ச்மேன் 100. ஆக 6,720. துண்டு விழுந்தது 520 ரூபாய். பெங்களூருக்குப் போய்க் கதவோடு திரும்பிய நாலு பேரின் ரயில் செலவைவிட அதிகமில்லை.

பையன் பெங்களூர் வேலைக்கு இன்னும் பதில் எழுதவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம். அவன் வாழ்க்கை, அவன் சம்பளம். ஆனால் அந்த ட்ராக்கில் உறுமி இப்போது தெளிவாகக் கேட்கிறது. கேட்டுப் பார்த்தேன், ஹெட்ஃபோனில்தான்.

மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மானேஜரிடம் அடுத்த தேதி கேட்டேன். டைரியைப் புரட்டினார். "ஆவணி பூரா முகூர்த்தம் ஸார். ஐப்பசி, கார்த்திகை எல்லாம் புக் ஆயிடுச்சு. மார்கழிக்கு வாங்க" என்றார். "அந்த சர்பத் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா போடச் சொல்லுங்க."